அம்பத்தூரில் கையில்லாத ஆறு வாரங்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டே, சாவகச்சேரியில் இருக்கும் என் அண்ணனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தோசைக்கரண்டி. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ. இல்லை, அவள் நித்திரை. நேற்று அவளுக்கு வேலை முடிய நேரம் போயிட்டுது. ஓமோம், நான்தான் சுடுறன்."

என் மகன் இனியன் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது. நான் போனை வைத்ததும் கேட்டான்:

"அப்பா, நீ ஊருப் பெரியப்பாகிட்ட பேசும்போது மட்டும் ஏம்பா பொண்ணு மாதிரி பேசுற?"

"பொண்ணு மாதிரி எண்டா?"

"வாங்கோ, போங்கோ, சொல்லுங்கோன்னு இழுத்து இழுத்து. எங்க ஸ்கூல்ல அப்படிப் பேசுனா செமயா கலாய்ப்பாங்க."

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தோசை கருகியது. "இன்னாப்பா நீ, தீச்சுட்ட" என்று சொல்லிவிட்டு அவன் கீழே விளையாடப் போய்விட்டான்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நான் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் இருக்கிறேன். கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்களின் பிள்ளைகள்தான் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். என் பிள்ளை தமிழ் மண்ணில், தமிழ்ப் பள்ளித் தோழர்களோடு, நாள் முழுக்கத் தமிழிலேயே பேசி வளர்கிறான். அப்படியும் என் தமிழ் அவனுக்கு அந்நியம். அவன் அம்மா கலைச்செல்வி விருதுநகர்க்காரி. அவள் பேச்சு ஒரு விதம், என் பேச்சு ஒரு விதம். அவன் இரண்டையும் விட்டுவிட்டுத் தெருவின் பேச்சை எடுத்துக்கொண்டான். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தத் தெருப் பேச்சுக்காரர் ஒருவரால்தான் நான் இங்கே தங்கினேன்.

அவன் கேட்ட அதே கேள்வியைப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்டவரும் அவர்தான்.

2

ஊரைவிட்டுப் புறப்பட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயந்திர வடிவமைப்புப் படிக்க வந்தேன். அப்பாவுக்கு விருப்பமில்லை. அவர் ஒரு பள்ளிக்கூட அதிபர், அதிகம் கதைக்காதவர். ஒரே ஒரு தடவை சொன்னார்: "உன்னாலை அங்கை தனிய இருக்கேலாது. நீ ஒரு மென்மையான பெடியன்." மென்மை என்பதை அவர் ஒரு நோயின் பெயரைப் போலச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அம்பத்தூர் ஒரகடத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் முனுசாமி. இந்த ஊர் கிராமமாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். அவர்கள் உழுத நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அவரிடம் மிச்சமிருந்தவை இரண்டு மாடுகளும், எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் ஒரு பார்வையும். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் சதீஷ். என்னைவிட மூன்று வயது மூத்தவர், தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டினார். என்னோடு மாடியில் இருந்தவன் செந்தில். தென்காசிக்காரன், ஐ.டி. கம்பெனியில் இரவுப் பணி.

வந்த மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே போனேன். சதீஷ் தன் பைக்கில் சாய்ந்து நின்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, மேலை தண்ணி வரேல்லை. ஒருக்கா மோட்டரைப் போட்டு விடுறீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், இன்னாடா இவன் பொம்பள மாதிரி பேசுறான்? கேரளாவா மாமே நீ?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அப்போ தமிழு தானே? தமிழ்ல பேசு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று என் குரலை நானே கேட்டுப் பார்த்தேன். நம் ஊரில் நல்ல தமிழ் பேசுகிறோம் என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை ஒரு நிமிடத்தில் பெண்குரலாகிப் போனது.

அடுத்த சில மாதங்கள் நான் வேறு ஒருவனாக இருக்கப் பழகினேன். 'ங்கோ' எல்லாவற்றையும் வெட்டினேன். குரலைத் தாழ்த்தினேன். மீசை வளர்த்தேன். டீக்கடையில் கண்ணாடிக் குவளையை எப்படிப் பிடிப்பது, ஒருவன் தோளில் எப்படித் தட்டுவது, எதற்கெல்லாம் சிரிக்கக் கூடாது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றேன். "இன்னா மச்சான்" என்று குளியலறையில் சொல்லிப் பழகியதைச் செந்தில் வெளியே நின்று கேட்டுவிட்டான். அவன் சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தாம்லே பழகுனேன்" என்றான். அலுவலகத்தில் அவன் தன்னைச் சென்னைக்காரன் என்றே சொல்லி வைத்திருந்தான். அம்மாவிடம் பேசுவதற்கு மட்டும் மொட்டைமாடியின் கடைசி மூலைக்குப் போவான், அவன் ஊர்ப் பேச்சின் 'ஏல' யார் காதிலும் விழாமலிருக்க.

ஒருநாள் அம்மாவிடம் போனில், "வீட்டுக்காரர் இண்டைக்கு என்னோடை பேசினவர்" என்று சொல்லிவிட்டேன். இங்கே பேசுவது என்றால் கதைப்பது, நம் ஊரில் அது திட்டுவது. அம்மா பதறிப்போனார். "ஏன் பேசினவர்? நீ என்ன பிழை விட்டனீ?" நான் ஒன்றும் பிழை விடவில்லை, அவர் மாட்டைப் பற்றித்தான் பேசினார் என்று விளங்கப்படுத்துவதற்குள் போனில் காசு முடிந்துவிட்டது.

3

சதீஷின் நண்பர்கள் வட்டத்தில் பைக் ஓட்டத் தெரியாதவன் ஆணே இல்லை. எனக்குச் சைக்கிள்தான் தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் வானகரம் பக்கம் பிரியாணி சாப்பிடப் புறப்பட்டபோது, யார் பின்னால் உட்காருவது என்ற பேச்சு வந்தது. ஒருவன் என்னைக் காட்டி, "பொண்ணு பின்னாடி உக்காரட்டும்" என்றான்.

"எனக்கு ஓடத் தெரியும்" என்றேன்.

"ஓடத் தெரிஞ்சா ஓடு. வண்டிய ஓட்டத் தெரியுமா?" சிரிப்பு. நம் ஊரில் கார் ஓடுவோம், சைக்கிள் ஓடுவோம். இங்கே அவற்றை ஓட்ட வேண்டும்.

சதீஷ் மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். "நெசமா தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். சாவியைத் தந்துவிட்டு அவர் இன்னொருவனின் பின்னால் ஏறிக்கொண்டார்.

பைபாஸ் சர்வீஸ் ரோடு வரை எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அதுவரை கியர் மாற்றவே இல்லை. வானகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் மணல் கொட்டிக் கிடந்தது. முன்சக்கரம் அதில் ஏறியது தெரியும். இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றியது தெரியும். பிறகு வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

வலி உடனே வரவில்லை. எழுந்து நின்று, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சிரித்தேன். என் மணிக்கட்டுகள் இரண்டும் கரண்டிக் காம்பு போல வளைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சதீஷ் கவனித்தார். ஓடி வந்தவர் தன் பைக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, அதில் இருந்தவர்களை எல்லாம் கெஞ்சி இறக்கிவிட்டு, என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். வழியெல்லாம் திட்டினார்.

"தெரியாதுன்னு சொன்னா இன்னாடா கொறஞ்சிடும்? சொல்லு, இன்னா கொறஞ்சிடும்?"

இரண்டு மணிக்கட்டும் முறிவு. முழங்கைக்குக் கீழிருந்து விரல்கள் வரை, நுனி மட்டும் வெளியே தெரிய மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். "வீட்டுல யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது சதீஷ், "நாங்க கீறோம் சார்" என்றார்.

திரும்பி வரும்போது நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். என் வீட்டுக்கு இது தெரியக் கூடாது. அப்பா சொன்னது சரியாகிப் போய்விடும்.

4

இரண்டு கைகளும் இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு முதல் நாளே விளங்கியது. கதவைத் திறக்க முடியாது. மூக்கைச் சொறிய முடியாது. கழிப்பறைக்குத் தனியே போக முடியாது. மற்ற எதையும்விட அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. எனவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

மறுநாள் சாயந்திரம் வேலை முடிந்து வந்த சதீஷ் என் உதடுகளைப் பார்த்தார். அருகில் சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இன்னாத்துக்குத் தண்ணி குடிக்க மாட்டுற?"

"தாகமில்லை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த கேலியெல்லாம் போய்விட்டது.

"வெக்கமா கீதா? நைனா, நான் எங்க ஊட்டு மாட்டக் கழுவிகினு வளர்ந்தவன். மாட்ட விடப் பெருசா நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொம்பை என் வாயில் வைத்தார். முழுவதையும் குடித்தேன்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் இரவுப் பணி முடிந்து வரும் செந்தில், தூக்கக் கண்ணோடு எனக்குப் பல் துலக்கி, இட்லி ஊட்டுவான். சாயந்திரம் சதீஷ். கைகளில் பாலித்தீன் பையைக் கட்டி, ரப்பர் வளையம் போட்டு, பின்கட்டில் நிறுத்தி என்னைக் குளிப்பாட்டுவார். முதுகு தேய்ப்பார். கழுவிவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் பட்டறைக் கதைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கூச்சப்படக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு சத்தம் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாவது வாரம் ஒரு சாயந்திரம், அவர் என் முதுகில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது முனுசாமி பின்கட்டுக்கு வந்தார். மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாடா இது? ஆம்பளைக்கு ஆம்பள சோப்பு போட்டுகினு... தெருவுல நாலு பேரு பாத்தா இன்னா பேசுவான்?"

சதீஷின் கை என் முதுகில் நின்றது. அப்பாவை அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதேயில்லை. அன்று தலை நிமிராமலே சொன்னார்:

"அவனுக்கு இங்க யாருப்பா கீறாங்க?"

முனுசாமி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறையைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று செந்திலும் நானும் பயந்துகொண்டிருந்தோம். மறுநாள் சாயந்திரம் பின்கட்டுக்குப் போனால், குளிக்கும் இடத்தில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நான் உட்கார்ந்து குளிக்கலாம். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. முனுசாமி மாட்டின் பக்கம் திரும்பி நின்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் இன்னொரு ரகசியமும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சோறு கீழேயிருந்து வரும். மீன் குழம்பு, கத்திரிக்காய்த் தொக்கு, எல்லாமே அவ்வளவு ருசி. அக்கா ஒருத்தி வந்து சமைத்துவிட்டுப் போவதாகச் சதீஷ் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். அக்காவே கிடையாது. அம்மா போனதிலிருந்து சமைப்பது சதீஷ்தான்.

"வெளிய சொல்லிடாத மாமே" என்றார் ஊட்டிக்கொண்டே. "பட்டறைல மானம் பூடும்."

"இவ்வளவு நல்லாச் சமைக்கிறீங்கள், இதிலை என்ன வெட்கம்?"

"நீ பைக் ஓட்டத் தெரியும்னு சொன்ன இல்ல? அதான் இதுவும்."

மீசையைச் சீராக்குகிறேன் என்று செந்தில் ஒரு பக்கம் அதிகமாக வெட்ட, அதைச் சரிசெய்யப் போன சதீஷ் மறுபக்கத்தை வெட்ட, கடைசியில் மீசை முழுவதும் போயிற்று. மூன்று பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். நான் அந்த நகரத்துக்கு வந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் வாயிலிருந்து நம் ஊர்த் தமிழே வந்துகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டிலிருந்து போன் வரும். சதீஷ் அதை என் காதில் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மாவிடமும் அண்ணனிடமும் நான் கூசாமல் பொய் சொல்வேன். நல்லா இருக்கிறேன், படிக்கிறேன், நானே சமைக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சதீஷ் முகத்தை வேறு பக்கம் வைத்திருப்பார். நான்காவது வாரத்தில் ஒருநாள் அப்பா போனில் வந்தார். அவர் போனில் வருவதே அபூர்வம்.

"எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன் அப்பா."

"நான் நினைச்சது பிழை" என்றார். "நீ சமாளிச்சிட்டாய்." போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அழைப்பு முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முகத்தை மூடிக்கொள்ளக் கைகள் இல்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை. சதீஷுக்கு நேர் முன்னால், கண்ணீரும் மூக்குநீரும் ஒழுக உட்கார்ந்து அழுதேன். அவர் தன் பனியனின் நுனியை இழுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழு. நல்லா அழு. இங்க யாரும் இல்ல" என்றார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எங்கம்மா செத்தப்போ நான் அழல. அப்பா பாத்துகினே இருந்தாரு. அவரும் அழல. ரெண்டு பேரும் அப்பிடியே ஒருத்தர ஒருத்தர் பாத்துகினே கெடந்தோம். அன்னிக்கு உட்டது தான், இன்னிக்கு வரைக்கும் வரல."

அவர் அன்றும் அழவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவள் எந்தக் குழம்புக்கு எந்தப் புளி போடுவாள் என்பதெல்லாம் சொன்னார். கடைசியில், "இதெல்லாம் யார்கிட்டயும் சொன்னதில்ல மாமே" என்றார்.

5

ஐந்தாவது வாரத்தில் என் விசாவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. இப்போது எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்போது நகரத்துக்குள் இருந்த வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சதீஷ் பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். என் கோப்பு அவர் கையில். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, யாரும் மாவுக்கட்டில் இடிக்காமல் கையால் அணை போட்டுக்கொண்டே வந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மா என் மாவுக்கட்டுகளைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணுமே. எப்படிப் போடுவீங்க?"

"ஏலாது மேடம்" என்றேன்.

"என்னது?"

"முடியாதுன்றாரு மேடம்" என்றார் சதீஷ். இந்த ஐந்து வாரத்தில் அவர் என் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகியிருந்தார்.

"நீங்க யாரு?"

"அண்ணன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவர் ஸ்ரீலங்கா. நீங்க?"

"அம்பத்தூர்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கலாம், மருத்துவரின் சான்றிதழை இணைத்தால் போதும் என்றார். எங்களுக்காக அவர் அவ்வளவு மெனக்கெட்டிருக்கத் தேவையில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது இன்றும் மனதில் ஒரு குறையாக இருக்கிறது.

கைநாட்டு என்றதும் எனக்கு முகம் சுருங்கிப்போனது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அதிபரின் மகன் கைநாட்டு வைப்பதா? சதீஷ் என் மாவுக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார்.

"மூஞ்ச ஏன் இப்பிடி வெச்சிகினு கீற? எங்க தாத்தா கைநாட்டு தான். தொழிற்பேட்டைல பாதி அவர் கைநாட்டு வெச்சுக் குடுத்த நெலம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "வெச்சித் தொல."

வைத்தேன். என் வாழ்க்கையில் நான் இந்த நாட்டில் தங்குவதற்குப் போட்ட கையெழுத்துகள் பல. அவற்றில் எனக்குப் பிடித்தது அந்த நீலக் கறைதான்.

6

கட்டுப் பிரித்த பிறகும் நான் அந்த மாடியிலேயே இருந்தேன். படிப்பு முடிந்தது. செந்திலின் அலுவலகத்தில் வேலை செய்த கலைச்செல்வியை அவன் மூலமாகத்தான் தெரிந்து பழகினேன். கலையின் வீட்டில் பெண் கேட்க எனக்கு யாருமில்லை, என் வீட்டாருக்கு விசா கிடைக்க நாளாகும் என்றபோது, முனுசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சதீஷோடு வந்து நின்றார். "பையனுக்கு நீங்க என்ன முறை?" என்று கலையின் அப்பா கேட்டதற்கு, "நம்ம ஊட்டுப் புள்ள" என்றார். அவ்வளவுதான் பேசினார், அதுவே போதுமாயிருந்தது.

இப்போது நாங்கள் கோவில்பதாகையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறோம். கலை காலையில் ஏழு மணிக்கே அலுவலக வண்டியில் போய்விடுவாள். இனியனுக்குச் சாப்பாடு கட்டி, பள்ளிக்கு விட்டுவிட்டு, நான் ஆவடியில் மின்சார ரயில் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு இயந்திர பாகங்களின் வரைபடம் போடப் போகிறேன். "வைஃபு வேலைக்குப் போவாங்க, நீங்க சமைப்பீங்களா?" என்று மாடிப்படியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முன்பென்றால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். இப்போது, இன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இனியனை நடக்கக் கூட்டிப்போனேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதிலாக இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், குளிப்பாட்டியது உட்பட. சதீஷை அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பாவான சதீஷ் பெரியப்பா, சண்டே வந்தால் மீன் குழம்போடு வந்து இறங்குகிறவர். இப்போது எல்லாருக்கும் தெரியும்படிச் சமைக்கிறார். அவர் என்னைக் கழுவிவிட்டார் என்றபோது இனியன் "ச்சீ" என்று சிரித்தான். அழுத இடம் வந்தபோது சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டான்:

"உங்க அப்பாவுக்கு அப்புறம் தெரிஞ்சிதா?"

தெரிந்தது. அது நடந்தது எங்கள் கல்யாணத்தன்று.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் விசா கிடைத்து, கல்யாணத்துக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தார்கள். திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன மண்டபம். தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தியில் குடும்பத்தார் உட்கார்ந்தோம். அப்பா ஒரு இலையில், பக்கத்து இலையில் முனுசாமி. எதிர்ப்பக்கம் நானும் கலையும். அதிகம் பேசாத இரண்டு பேர் அருகருகே. ஒருவர் தமிழ் மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது. எதையாவது பேச வேண்டுமே என்று முனுசாமிதான் ஆரம்பித்தார்.

"தைரியமான புள்ள சார் உங்க புள்ள. ரெண்டு கையும் ஒடஞ்சி ஒன்ற மாசம் கெடந்தான். ஒரு வார்த்த மொனகல."

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது.

"ஆருக்கு? என்ன உடைஞ்சது?"

முனுசாமி என்னைப் பார்த்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இலைகளுக்கு மேலாக என் இரண்டு கைகளையும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் தன் இடது கையால் என் மணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். வலது மணிக்கட்டில் எலும்பு கொஞ்சம் மேடாகக் கூடியிருக்கும். பெருவிரலால் அந்த மேட்டைத் தடவினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னைத் தொட்டது இல்லை.

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னை மென்மையானவன் எண்டனீங்கள்."

அவர் தலை குனிந்துகொண்டார். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து, "அப்ப ஆர் பாத்தது உன்னை?" என்று கேட்டார்.

முனுசாமி கையை நீட்டிக் காட்டினார். பந்தியின் கோடியில், சட்டைக் கையை மடித்துவிட்டு, சோற்று வாளியோடு சதீஷ் பரிமாறிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர், இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

அப்பா இலையிலிருந்து எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, சதீஷின் கையிலிருந்த வாளியைப் பிடித்தார்.

"தம்பி, நீர் இரும்."

"இரும்பா?" லேத் பட்டறைக்காரருக்கு வேறென்ன கேட்கும்? திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"உக்காரச் சொல்றார் அண்ணே" என்றேன்.

"ஐயோ வேணாம் சார், நீங்க போய்..."

"இரும்" என்றார் அப்பா, பள்ளிக்கூடத்தில் சொல்கிற அதே குரலில். சதீஷ் காலியாக இருந்த ஒரு இலையில் உட்கார்ந்தார். அப்பா வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு குனிந்து சோறு போட்டார். பழக்கமில்லாத கை. பாதி இலைக்கு வெளியே விழுந்தது. பிறகு குழம்பு வாளியைக் கேட்டு வாங்கினார். எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்கும் பரிமாறியது கிடையாது. சதீஷோடு பரிமாற நின்றிருந்த என் அண்ணன் அதைப் பார்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

சதீஷ் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்தவருக்கு விழுங்க முடியவில்லை. தோள்கள் குலுங்கின. முனுசாமி தன் இலையைப் பார்த்தபடி இருந்தார், பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்பா" என்றார் சதீஷ். "போதும்பா."

அப்பா இன்னொரு கரண்டி வைத்தார்.